நிமிஷத்துக்கு முப்பது சொட்டு

எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அக்கா தங்கை இருவர் இருக்கிறார்கள். இளையவரை எல்லோரும் கடிகார சிஸ்டர் என்றுதான் சொல்வார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் இருபத்தெட்டு வருஷமாக நர்ஸ். உடுப்பில் இடது பக்கம் ஒரு சின்னக் கடிகாரத்தைத் தலைகீழாகக் குத்தியிருப்பார். குளுக்கோஸ் ஏறும்போது ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் சொட்டில். அந்த வார்டில் படுத்து எழுந்தவர் யாரோ வைத்த பெயர், அவருக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்துவிட்டது. அவர் வாயிலிருந்து "பார்க்கலாம்" என்ற சொல்லை நான் கேட்டதில்லை. முடியும் என்பார், இல்லையென்றால் முடியாது என்பார். இரண்டையும் ஒரே குரலில் சொல்வார்.

மூத்தவர் நான்கு வயது பெரியவர். தையல் கம்பெனியில் துணி வெட்டும் மேஜையில் நின்றே காலம் தள்ளியவர். கம்பெனியை மூடிய பிறகு மொட்டை மாடிக்குக் குடிபோனார் என்றே சொல்லலாம். முதலில் நாலு தொட்டி, பிறகு பத்து, அப்புறம் பெயின்ட் டப்பா, உடைந்த வாளி, யாரோ தூக்கிப் போட்ட வாஷ்பேசின் என்று கண்ணில் பட்டதிலெல்லாம் மண்ணை நிரப்பி எதையாவது நட்டுவிடுவார். அறுபத்து நாலில் வந்து நின்றது. நான் அவர்களுக்கு நேர் கீழே இரண்டாவது மாடியில் இருப்பவள். அச்சகத்தில் வேலை. என் துணி காயும் கொடி அந்த மொட்டை மாடியில்தான் என்பதால், நடந்ததில் பாதியை நானே பார்த்தேன். மீதியைச் சொன்னவர் மூத்தவர். அவரை நான் பெரியக்கா என்று கூப்பிடுவேன்.

ஒரு நாள் காலை பெரியக்கா வாளியோடு மொட்டை மாடிப் படியில் ஏறும்போது வழுக்கி விழுந்தார். செங்குத்தான பதினாறு படி, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. வலது தோள் எலும்பு உடைந்துவிட்டது. தங்கையின் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் செய்து உள்ளே தகடு வைத்தார்கள். ஆறு வாரம் கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கவிட வேண்டும், அதன் பிறகு பயிற்சி செய்து கொஞ்சம் கொஞ்சமாகக் கையைத் தூக்கிப் பழக வேண்டும், மாடிப்படி பக்கமே தலை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் பெரியக்கா கேட்ட முதல் கேள்வி, செடிகளுக்கு யார் தண்ணீர் விடுவது என்பதுதான்.

"நான் விடறேன்," என்றார் சிஸ்டர். "நாப்பது பேஷண்டை ஒத்த ஆளா பாக்கறவ நான். செடி ஒண்ணும் பெல் அடிச்சுக் கூப்பிடாதே."

நாலு நாள் விட்டார். நாள் முழுக்க வார்டில் நடந்துவிட்டு ஐந்து மணிக்கு வீடு திரும்பி, உடுப்பைக்கூட மாற்றாமல் மேலே போய், குழாயடிக்கும் தொட்டிக்கும் மக்கோடு நடந்தார். குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. கீழே இறங்கி வந்தால் அங்கே விசாரணை காத்திருக்கும். ரோஜாவுக்கு வேரில் விட்டாயா, இலையில் விட்டாயா? புதினா தலை தொங்கியதா? மூலையில் இருக்கும் மிளகாயைப் பார்த்தாயா, இல்லை மறந்துவிட்டாயா? மறந்துதான் போயிருப்பார். திரும்பவும் ஏறுவார். ஐந்தாம் நாள் துணி எடுக்கப் போனபோது, சிஸ்டர் குழாயடியில் மக்கைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சோர்வு இல்லை, கோபமும் இல்லை. கணக்குப் போடுகிற முகம்.

"இத்தனை பேருக்கும் வாயில ஊட்டிட்டு இருந்தா ஆகுமா?" என்றார் என்னிடம். "டிரிப் போட்டுட வேண்டியதுதான்."

அந்த வார விடுமுறையில் சாமான்கள் வந்து இறங்கின. மூடி போட்ட முப்பத்தைந்து லிட்டர் நீல டிரம், அடியில் பொருத்த ஒரு குழாய், விரல் தடிமனில் கறுப்பு ஹோஸ், மெல்லிய டியூப் இரண்டு சுருள், மீன் தொட்டிக் கடையில் காற்றைக் கூட்டிக் குறைக்க விற்கும் குட்டி வால்வுகள் அறுபத்து நாலு. வார்டில் அந்த மாதிரி டியூப் நிறைய கிடைக்குமே என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சிஸ்டர் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் கொடியில் இல்லாத துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

"போட்டுக் கழட்டினதுல ஒருத்தரோட ரத்தம் இருக்கும். போடாம இருக்கறது இனிமே வரப்போற ஒருத்தருக்கு," என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வேலை மளமளவென்று நடந்தது. டிரம்மை மாடியின் ஒரு மூலையில் இரண்டு வரிசைச் செங்கல் மேல் ஏற்றினார். ஹோஸைத் தொட்டி வரிசைகளை ஒட்டிப் பாம்பு மாதிரி வளைத்து விட்டு, கடைசி முனையை மடித்துக் கட்டினார். ஆணியைப் பழுக்கக் காய்ச்சி ஹோஸில் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் மெல்லிய டியூபைச் செருகித் தொட்டிக்கு இழுத்து, முனையில் வால்வை மாட்டினார். டியூப் நுழைய அடம்பிடித்தால் முனையைச் சுடுதண்ணீரில் முக்கி எடுத்து நுழைத்தார். கட்டு மாற்றுகிற விரல்கள், எதையும் இரண்டு தடவை தொடவில்லை. சாயங்காலம் டிரம்மை நிரப்பிக் குழாயைத் திறந்தார். முதல் வரிசைத் தொட்டிகளில் தண்ணீர் ஒழுகி ஓடியது. நடு வரிசையில் சொட்டியது. கடைசி வரிசையில், மிளகாய் இருந்த மூலையில், ஒன்றுமே வரவில்லை.

வேறு யாராவது என்றால் அன்றைக்கு மூட்டை கட்டியிருப்பார்கள். சிஸ்டர் ஹோஸின் நீளம் முழுக்க நடந்துபோய்த் திரும்பி வந்தார். முன்னால் இருப்பவன் குடித்து மிச்சம் வைத்தால்தானே பின்னால் இருப்பவனுக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுநாள் டிரம்மை இன்னும் மூன்று வரிசைச் செங்கல் உயரத்துக்கு ஏற்றினார். மடித்துக் கட்டிய கடைசி முனையை அவிழ்த்து, இன்னொரு துண்டு ஹோஸ் சேர்த்து, திரும்பவும் டிரம் குழாய்க்கே கொண்டுவந்து இணைத்தார். இப்போது தண்ணீர் இரண்டு பக்கத்திலிருந்தும் கிளம்பி நடுவில் சந்தித்தது. மிளகாய்க்கு முதல் சொட்டு விழுந்தபோது அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நேரம் குறிக்கிற பழக்கத்தில்.

அதன் பிறகு நடந்ததுதான் அவருடைய சொந்த வித்தை. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் சின்ன மூடியை டியூப் முனையில் பிடித்து எண்ணினார். ஐந்து மில்லி நிரம்ப எழுபத்தைந்து சொட்டு ஆயிற்று. அப்படியானால் நிமிஷத்துக்கு முப்பது சொட்டு வைத்தால் இரண்டு மில்லி, நாலு மணி நேரத்தில் கிட்டத்தட்ட அரை லிட்டர். காலை ஆறு மணிக்குக் குழாயைத் திறந்துவிட்டு டியூட்டிக்குப் போனால், பத்து மணிக்குமேல் தண்ணீர் தீர்ந்து தானாக நின்றுவிடும். மூடுவதற்கு ஆள் தேவையில்லை. ஒவ்வொரு தொட்டியின் முன்னாலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உதடு அசைய எண்ணி, வால்வைத் திருகி, அடுத்ததற்கு நகர்ந்தார். அறுபத்து நாலும் முடிய இரண்டு சாயங்காலம் பிடித்தது. ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு அட்டை குத்தி, நம்பர், செடியின் பெயர், சொட்டு எத்தனை என்று எழுதி வைத்தார். கட்டில் தலைமாட்டில் தொங்கும் நோயாளி அட்டை மாதிரியே இருந்தது. தக்காளி அட்டையில் "பசி நன்று" என்றுகூட எழுதியிருந்தார்.

ஆரம்பத்திலேயே ஒரு தவறு நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு வியாழக்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பக் கதவைத் திறந்தால், மாடிப்படி வழியாகத் தண்ணீர் இறங்கி வந்து என் செருப்புகளை மிதக்க விட்டுக்கொண்டிருந்தது. டிரம் குழாயில் மாட்டியிருந்த ஹோஸ் கழன்று மொத்தத் தண்ணீரும் படியில் கொட்டிவிட்டது. சிஸ்டர் அப்போது வார்டில். மேலே இருந்து பெரியக்கா ஒற்றைக் கையால் கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். நானே மேலே போய்க் குழாயை மூடினேன். சாயங்காலம் சிஸ்டர் உடுப்போடு துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். நான் காலையிலேயே துடைத்துவிட்டேன் என்று சொல்லியும் விடவில்லை. மொட்டை மாடியிலிருந்து என் வாசல் வரை எல்லாப் படியையும் துடைத்தார். கிளிப் போட்டு இறுக்காதது தன் தப்பு, இனிமேல் நடக்காது என்றார். நடக்கவும் இல்லை.

கற்றாழை இரண்டு அழுகிப்போயின. அவற்றுக்கும் முப்பது சொட்டு வைத்தது அதிகம். அந்த இரண்டு தொட்டியிலும் பிறகு வேறு செடி நட்டார். வெள்ளை டியூபில் வெயில் பட்டு உள்ளே பாசி கட்டி நாலைந்து வால்வு அடைத்துக்கொண்டது. வாயை வைத்து ஊதி அடைப்பை எடுத்துவிட்டு, டியூப் முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்தார். அழுகிய கற்றாழையைப் பற்றி அக்காவிடம் மறைக்கவில்லை. இறந்தவர்கள் இரண்டு பேர், காரணம் அளவு மீறிய திரவம் என்று வார்டு பாஷையிலேயே சொன்னாராம். பெரியக்கா சிரிக்கவில்லை. அன்று முதல் கேள்விகள் குறைந்தன. சரியாக நடக்கிறது என்றுதான் குறைந்தன என சிஸ்டர் நினைத்துக்கொண்டார்.

ஆறு வாரம் முடிந்து தூளியைக் கழற்றினார்கள். அதற்கு முன்பே சிஸ்டர் வெல்டிங் பட்டறைக்காரரைப் பிடித்து, மொட்டை மாடிப் படிக்கு இரண்டு பக்கமும் கம்பி போட வைத்திருந்தார். வீட்டுக்காரரிடம் கேட்டாரா என்றேன். போட்ட பிறகு சொன்னேன் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பெரியக்கா இடது கையால் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற, சிஸ்டர் பின்னால் கை தொடாத தூரத்தில் ஏறினார். நான் துணியோடு மேலே நின்றிருந்தேன். உண்மையில் துணி காயப்போடும் நாளே இல்லை அது.

ரோஜா பூத்திருந்தது. தக்காளி குச்சியைத் தாண்டிப் போயிருந்தது. மிளகாய்ச் செடி மூலையில் கரும்பச்சையாக நின்றது. ஒவ்வொரு தொட்டியிலும் டப், டப் என்று சொட்டு விழுந்துகொண்டிருந்தது. பெரியக்கா வரிசை வரிசையாக நடந்தார். அட்டைகளைப் படித்தார். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார். "நல்லா இருக்கு," என்றார். பிறகு, இறங்கலாமா என்று கேட்டார். மேலே இருந்தது பத்து நிமிஷம்கூட இராது.

சிஸ்டருக்கு அது சப்பென்று ஆகிவிட்டது. ஒரு வார்த்தை பாராட்டாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பார். ஆனால் அவர் எதிர்பார்த்தது கிடைக்காததைவிட, அடுத்து வந்த நாட்கள்தான் அவரைக் குழப்பின. பெரியக்கா மேலே போவதைப் பற்றிப் பேசவே இல்லை. சுவரில் விரல்களை மேலே மேலே நகர்த்த வேண்டும், கழியைப் பிடித்துக் கையைத் தூக்க வேண்டும் என்று பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதைச் செய்யவில்லை. வலிக்கிறது என்பார், நாளைக்கு என்பார், பெரும்பாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. ஒரு மாதத்தில் அசைவு வராவிட்டால் தோள் அப்படியே இறுகிப்போகும் என்று பயிற்சி கொடுப்பவர் சிஸ்டரிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சிஸ்டர் சத்தம் போட்டார். எத்தனையோ பேரைப் படுக்கையிலிருந்து எழுப்பி நடக்க விட்டவர் அவர், வீட்டில் சொந்த அக்கா கேட்கவில்லை என்றால் பொறுக்குமா? என் வீட்டுக் கூரை வழியாகவே கேட்டது. திடீரென்று சத்தம் நின்றது. ஏன் நின்றது என்று பிறகு பெரியக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் கேட்டது இதுதான்:

"தூக்கி என்னடி பண்ணப் போறேன்? அதான் எல்லாம் தானா ஓடுதே."

 சிஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உடுப்பிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய்விட்டாராம். தங்கை வாயடைத்துப் போய்த் தான் பார்த்தது அன்றைக்குத்தான் என்று பெரியக்கா சொன்னார்.

இரண்டு நாள் கழித்து அதிகாலையில் மாடியில் தொட்டி இழுபடும் சத்தம் கேட்டது. அன்று சிஸ்டருக்கு விடுப்பு. ஒன்பது மணிக்கு நான் போனபோது, சுவரோரமாக ஒரு பழைய இரும்பு அலமாரி நின்றது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பழைய சாமான் கடையில் எடுத்து, பட்டறைக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்ததாம். மூன்று தட்டு. ஒன்று இடுப்பு உயரம், ஒன்று நெஞ்சு உயரம், ஒன்று தலை உயரம். ஒவ்வொன்றிலும் நாலு தொட்டி, ஆகப் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டின் டியூபையும் பிடுங்கி, ஹோஸில் இருந்த துளைகளைச் சின்னக் குச்சி அடித்து அடைத்திருந்தார். அட்டைகளில் சொட்டுக் கணக்கை அடித்துவிட்டு, "கையால்" என்று எழுதியிருந்தார். கீழ்த்தட்டில் கால் லிட்டர் பிடிக்கும் ஒரு சின்னக் குவளை.

பெரியக்காவை மேலே கூட்டிவந்து, இந்தப் பன்னிரண்டுக்கும் டிரிப் ஒத்துக்கொள்ளவில்லை, இலை பழுக்கிறது, தனக்குத் தினமும் டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது, அதனால் நீதான் விட வேண்டும் என்றார். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னதை நானே கவனித்தேன். புதினா அந்தத் தட்டில் தளதளவென்று இருந்தது. ஒரு இலைகூடப் பழுக்கவில்லை. பெரியக்கா புதினாவைப் பார்த்தார், துளையில் அடித்திருந்த குச்சிகளைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"வலது கையாலதான் விடணும்," என்றார் சிஸ்டர்.

"தெரியும் போ," என்றார் பெரியக்கா.

இடுப்புத் தட்டு சுலபமாக முடிந்தது. நெஞ்சுத் தட்டில் குவளையைப் பாதிதான் நிரப்பினார், அதிலும் பாதி முழங்கை வழியாக ஒழுகியது. வலியில் முகம் சுருங்கும். கண்ணை மூடி நின்று, இன்னொரு தடவை தூக்குவார். தலைத் தட்டில் இருந்த நாலையும் முதலில் இடது கையால் விட்டார். அதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே சொன்னார். நான் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் வாரம் முதல், இடது கையால் விட்டு முடித்ததும் அவரே வலது கையைத் தூக்கிப் பழக ஆரம்பித்தார். குவளை இல்லாமல் வெறும் விரலால் மேல்தட்டின் விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். முதலில் ஒரு விரல், பிறகு நாலு விரலும். அந்தத் தட்டில் இருந்த பெரணிச் செடி தினமும் காத்திருக்கிறது, அதைப் பட்டினி போட முடியுமா என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொள்வார்.

அலமாரி வந்த ஒன்பதாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். பெரியக்கா குவளையை நிரப்பி வலது கையில் எடுத்தார். தோள் நடுங்கியது. இடது கையை முழங்கைக்குக் கீழே முட்டுக் கொடுத்தார். பிறகு அந்த முட்டையும் எடுத்துவிட்டார். குவளை தட்டுக்கு மேலே போயிற்று. பெரணியின் மேல் தண்ணீர் விழுந்து இலைகள் ஆடின. அவர் கையை உடனே இறக்கவில்லை. உயர்த்திய கையை அண்ணாந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் மற்ற மூன்றுக்கும் விட்டார்.

குவளையை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புதினா விஷயம் முதல் நாளே தெரியும் என்று அப்போதுதான் சொன்னார்.

"ஒத்துக்கலையாம். அவளுக்குப் பொய் சொல்லவே வராது. ஊசி வலிக்காதுன்னுகூட பேஷண்ட்கிட்ட சொல்ல மாட்டா. எனக்காக நின்னு சொன்னாளே, கேட்டுக்கிட்டேன்."

சிஸ்டரிடம் சொல்வதாக இல்லையா என்று கேட்டேன். எதற்கு, அவளுக்கு ஜெயித்த மாதிரியே இருக்கட்டும், எனக்கும் ஜெயித்த மாதிரியே இருக்கிறது என்றார்.

சாயங்காலம் சிஸ்டர் வந்ததும் அக்கா கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். சிஸ்டர் பையைக் கீழே வைத்து, அந்தக் கையைத் தாங்கி, தோளைத் தடவி, இன்னும் எவ்வளவு போகும் என்று அளந்து பார்த்தாராம். இன்னும் இருபது டிகிரி பாக்கி இருக்கிறது, விடக் கூடாது என்றாராம். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போனவர் வெளியே வர ரொம்ப நேரம் ஆயிற்று. வந்தபோது கண் சிவந்திருந்தது. சோப்பு பட்டுவிட்டது என்றாராம்.

அதற்குப் பிறகு தொட்டிகளின் பங்கீட்டில் இருவருக்கும் ஓயாத இழுபறி. பெரியக்கா ஒவ்வொன்றாக டிரிப்பிலிருந்து பிடுங்கித் தன் பக்கம் சேர்ப்பார். சிஸ்டர் ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்து, இருபதுக்கு மேல் போனால் தோளுக்கு ஆகாது என்று திரும்ப மாட்டுவார். இருபத்து நாலில் ஒரு மாதிரி சமாதானம் ஆனார்கள்.

போன மாதம் இருவரும் பத்து நாள் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய் வந்தார்கள். மாடியில் செடி வைத்த ஒன்பது வருஷத்தில் சேர்ந்து வெளியூர் போனது அதுதான் முதல் தடவை என்று, ரயிலுக்குக் கிளம்பும்போது பெரியக்கா சொல்லித்தான் எனக்கும் உறைத்தது. செடிகளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றே அதுவரை ஒவ்வொரு தடவையும் பயணம் நின்றிருக்கிறது. பத்து நாளைக்கு மட்டும் அறுபத்து நாலையும் டிரிப்பில் மாட்டியிருந்தார்கள். மாடிக் குழாயிலிருந்து டிரம்முக்கு ஒரு மிதவை வால்வும், தினமும் காலை ஆறுக்குத் திறந்து பத்தரைக்கு மூடும் பேட்டரி டைமர் ஒன்றும் சேர்ந்திருந்தன. சாவியை என்னிடம் கொடுத்து, நான் எதையும் தொட வேண்டாம் என்று சிஸ்டர் சொன்னார். தொட வேண்டி வந்தால் என்ன செய்வது என்று இரண்டு பக்கம் எழுதியும் கொடுத்தார்.

ஏழாம் நாள் காலை நாற்பத்தொன்றாம் நம்பர் செம்பருத்தியில் சொட்டு நின்றிருந்தது. இரண்டாம் பக்கம் மூன்றாவது வரியில் இருந்தபடி வால்வைக் கழற்றி, டியூபை வாயில் வைத்து ஊதினேன். சின்ன மண் துணுக்கு ஒன்று தெறித்து விழுந்தது. திரும்ப மாட்டிவிட்டு, அட்டையைப் பார்த்து, கைபேசியில் நேரம் வைத்துக்கொண்டு எண்ணினேன். இருபத்தெட்டு வந்தது. வால்வை ஒரு இம்மி திருகி மறுபடி எண்ணினேன். முப்பது. அன்றைக்கு அச்சகத்துக்குப் போக இருபது நிமிஷம் தாமதம் ஆகிவிட்டது.